அடுத்த சுவரில் எங்கள் குழாயடி

ஆசிரியருக்கு வணக்கம்.

சுவரோவியங்கள் பற்றிய உங்கள் படக்கட்டுரையில் எங்கள் கண்ணகி நகரையும் பார்த்தேன். சந்தோஷம். ஆனால் எழுதியவர், அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

2020-இல் நம் நாட்டு ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும் வந்து பிளாக் சுவர்களில் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு பெரிய முகங்களை வரைந்தபோது, உலை வைக்க மறந்து வேடிக்கை பார்த்தோம். அதுவரை வேலை கேட்டுப் போன இடத்தில் விலாசம் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறும். என் தம்பியை ஒரு கம்பெனியில் விண்ணப்பத்தைப் பார்த்ததுமே "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. இப்போது ஆட்டோக்காரர் "பெயின்டிங் போட்ட ஏரியாதானே?" என்கிறார். எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் கார்த்திகா. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய எங்கள் பெண். டி.வி.யில் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று ஏரியா பெயரைச் சேர்த்தே சொன்னார்கள். அடுத்த சுவரில் அவரை வரைய ஓவியர்களுக்கு யாரும் சிபாரிசு செய்ய வேண்டாம். நான் கேட்பது வேறு.

2000-லிருந்து கால்வாயோரம், ஆற்றோரம், கடலோரம் என்று நகரத்தின் பல மூலைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் நாங்கள். 15,000-க்கு மேல் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் விட்டுவந்த ஒரு தெரு இருக்கிறது. என் அம்மா, செல்லாத பழைய ரேஷன் கார்டை அரிசி டப்பாவுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். அதில் மயிலாப்பூர் விலாசம். தூக்கிப் போடச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

அடுத்த முறை வரைய வருபவர்கள் டிசைனோடு வராமல், வெறும் நோட்டோடு வந்து கிழவிகளிடம் உட்கார்ந்து, விட்டுவந்த அந்தத் தெருக்களைப் பற்றிக் கேட்டு வரையட்டும். பிள்ளைகள் கையிலும் பிரஷ் கொடுக்கட்டும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "குழாயடி வரைஞ்சா வரிசையில மூணாவது குடம் நம்மது. கழுத்துல சிவப்புத் துணி கட்டியிருக்கும். மறக்காம சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கண்ணகி நகர், சென்னை