கெர்னல் பேனிக்கைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

பேக்கப் முடிந்து டிஸ்க்கைக் கழற்றும் நேரத்தில் எங்கள் லினக்ஸ் சர்வர்கள் அவ்வப்போது கெர்னல் பேனிக் ஆகி (இயங்குதளத்தின் மையமான கெர்னல் மீள முடியாத பிழையில் நின்றுபோய்) படுத்துக்கொண்டிருந்தன அல்லவா, அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி.

முதலில், நெட்கன்சோலைப் போடச் சொன்ன தோழிக்கு. பேனிக் ஆகிற கெர்னலின் கடைசி வரிகள் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்வதே இல்லை. நெட்கன்சோல் அவற்றை யுடிபி என்ற நெட்வொர்க் முறை வழியாகப் பக்கத்துக் கணினிக்கு அனுப்பிவிடும். அது இல்லாவிட்டால் இன்னும் ரீபூட் பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருப்போம்.

அப்புறம், மெமரிப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் ஸ்லப் டீபக் வசதியோடு பூட் செய்யச் சொன்ன அண்ணனுக்கு. வந்த ஊப்ஸில் (கெர்னலின் பிழை அறிக்கையில்) நாங்கள் கால் டிரேஸையே (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலையே) முறைத்துக்கொண்டிருக்க, அவர் சிபியூவின் மதிப்புகளைக் காட்டும் ரிஜிஸ்டர் வரியைப் பார்த்து, "6பி6பி6பி6பி என்று இருக்கிறதே, இது ஃப்ரீ செய்த மெமரி" என்றார். ஸ்லப் டீபக் இருந்தால், விடுவித்த இடத்தைக் கெர்னல் அந்த 6பி பைட்டால்தான் நிரப்பிவைக்கும். அந்த ஒரு வரியில் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் படுத்தி எடுத்தது. நடப்பதைப் பார்க்க பிரிண்ட்கே (கெர்னலில் செய்தி எழுதும் கட்டளை) சேர்த்தால் பக் ஒளிந்துகொள்ளும். கன்சோலுக்கு எழுதும் தாமதத்திலேயே நேரக்கணக்கு மாறிவிடுகிறது. கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவுசெய்யும் எஃப்டிரேஸின் டிரேஸ் பிரிண்ட்கே மெமரியில் உள்ள பஃபரில் மட்டும் எழுதுவதால் பக் ஒளியாமல் அப்படியே வெளிப்பட்டது. 2008-இல் எஃப்டிரேஸைக் கெர்னலுக்குள் கொண்டுவந்த ஸ்டீவன் ரோஸ்டெட் இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் அவருக்கும் ஒரு நன்றி.

டிஸ்க்கைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்டை எழுதிய கல்லூரித் தம்பிக்குத் தனி நன்றி. தவறாக மெமரியைத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கேசான் போட்ட கெர்னலில் அதை ஓட்டினோம். ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் கணக்கு வைப்பதால் வேகம் குறையும், மெமரியும் தின்னும். ஆனால் யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார், அதன்பின் யார் தொட்டார் என்று மூன்று டிரேஸையும் கையில் கொடுத்துவிடும். டிரைவர், டைமரை நீக்கும் டெல் டைமரை அழைத்த கையோடு அதன் மெமரியை கே ஃப்ரீ செய்து (விடுவித்து) இருந்தது. வேறொரு சிபியூவில் அந்த டைமர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டெல் டைமர் சிங்க் (புதிய கெர்னல்களில் டைமர் டெலிட் சிங்க்) என்று மாற்றினால் அது முடியும்வரை காத்திருக்கும். ஒரே வரித் திருத்தம்!

சோதனைக்கு ஒரு சர்வரையே ஒதுக்கிவிட்டு, "எப்போது முடியும்?" என்று ஒருமுறைகூடக் கேட்காத மேலாளருக்கும் நன்றி.

பேட்ச் (திருத்தம்) தயார். அடியில் சோதித்தவர்களைக் குறிக்கும் 'டெஸ்டட் பை' வரிகளில் உங்கள் பெயர்களைச் சேர்க்க வேண்டும். பெயரை எப்படி எழுதலாம், எந்த மின்னஞ்சலைப் போடலாம் என்று எனக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
சர்வர் அறையிலிருந்து