ஆலயக் கல்வி நிதிக் குழுவினருக்கு: அந்த விண்ணப்பப் பாரத்தைத் திருத்துங்கள்

வணக்கம்.

சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத் (பெயர்ப்பலகை மாறினாலும் நமக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) தோட்டப் பிள்ளைகளுக்கு உங்கள் பாரத்தை நிரப்பிக் கொடுப்பவர்கள் எழுதுகிறோம். நிதி ஏழைகளுக்கானது, பாரமோ தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்காரரை நினைத்து எழுதியதுபோல் இருக்கிறது.

தகப்பனார் பெயரில் மின்சார பில் கேட்கிறீர்கள். லயத்து வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, தோட்ட நிர்வாகத்துடையது. பல தோட்டங்களில் மின்சாரமும் தண்ணீரும் சம்பளச் சீட்டில் பிடித்தமாகத்தான் வரும். பில் இல்லாத பாரம் 'முழுமையற்றது' என்று ஓரம் போய்விடுகிறது. அந்தச் சீட்டையே முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெரிய கோளாறு நீங்கள் கேட்கும் மூன்று மாதச் சம்பளச் சீட்டில் இருக்கிறது. செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுபவருக்கு டன் கணக்கில் கூலி. பொதுவாக ஆண்டின் பிற்பாதியில் காய்ப்பு ஏறும், ஜனவரி, பிப்ரவரியில் படுத்துவிடும். நவம்பரில் மனு கேட்டால் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான சீட்டுகள்தாம் வரும். அத்தனையும் உச்ச மாதங்கள். போதாக்குறைக்கு, உதிரிப் பழம் பொறுக்கக் கூடவே போகும் மனைவியின் உழைப்பும் பல வீடுகளில் கணவர் சீட்டிலேயே ஏறிவிடும். பெயர் ஒன்று, முதுகு இரண்டு. வருமான வரம்பைத் தாண்டிவிட்டார் என்று நீங்கள் தள்ளுவது இப்படிப்பட்டவரைத்தான். கடை வைத்திருப்பவரோ தம் வருமானத்தைத் தாமே எழுதிக் கையெழுத்திடுகிறார்!

இதற்கு ஊழியர் சேமநிதியின் (EPF) ஓராண்டு அறிக்கையை வாங்குங்கள். 5,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத சம்பளத்துக்குத் தொழிலாளி 11, முதலாளி 13, ஆக 24 விழுக்காடு சந்தா. ஆண்டுச் சந்தா 5,400 ரிங்கிட் என்றால் 0.24ஆல் வகுங்கள்: ஆண்டுச் சம்பளம் 22,500. மாதத்துக்கு ஏறக்குறைய 1,875. இலாப ஈவையும் சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள், கணக்கு வீங்கிவிடும். மிகைநேரக் கூலிக்குச் சந்தா பிடிப்பதில்லை என்பதால் அதை மட்டும் சீட்டில் பார்த்துக்கொள்ளலாம். குத்தகையாளரிடம் வேலை செய்து, சந்தாவே கட்டப்படாதவர்களை நேரில் விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நகல்களில் அரசாங்க அதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். தாமான் பிள்ளைக்குச் சித்தப்பாவோ மாமாவோ அதிகாரியாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே வேலை முடியும். தோட்டத்துக்காரர் அலுவலக நேரத்தில் போயாக வேண்டும். மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700ஐ 26 வேலை நாளால் வகுத்தால் அன்று போகும் கூலி 65 ரிங்கிட் 38 சென். ஒரு கையெழுத்தின் விலை அது. அசலை உங்கள் மேசையிலேயே பார்த்துச் சரிபாருங்கள்.

ரசீது காட்டினால்தான் பணம் என்பதும் அப்படியே. பதிவுக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்ட முடிந்தவர் உங்களிடம் ஏன் வரப்போகிறார்? சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்துக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டிவிடுங்கள்.

அடுத்த பாரம் அச்சுக்குப் போகுமுன் எங்களுக்கு ஒரு பிரதி காட்டுங்கள். மாலை ஐந்துக்கு மேல் எந்த நாள் கூப்பிட்டாலும் பெற்றோர் இருவரோடு வருகிறோம். பகலில் வேண்டாம், அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும்.