ப்ரூன் தெருச் சிறை

அன்புள்ள கதிருக்கு,

கடையை மூடிவிட்டதாகப் போனில் சொன்னபோது உன் குரலே எழும்பவில்லை. "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா, மஞ்சக் கடுதாசி குடுத்தவன்னு பேசுவாங்க" என்றாய். இரண்டு நாளாக அதுவே மனதில் ஓடுகிறது.

நீ இருக்கும் பிலடெல்பியாவில் இன்றைய லோகஸ்ட் தெருவுக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பு ப்ரூன் தெரு என்று பெயர். கடன்பட்டவர்களை அடைக்க அங்கே ஒரு சிறை இருந்தது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணம் திரட்டிக் கொடுத்த ராபர்ட் மோரிஸ், நிலத்தில் போட்ட பணத்தால் நொடித்து, 1798 பிப்ரவரியில் அதற்குள் போனார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர். அந்தச் சிறைக்கே போய் வாஷிங்டன் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1800-ல் திவால் சட்டம் வந்தது. கடன் கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மீதிக் கடன் தள்ளுபடி. கப்பல் மூழ்கினால் வியாபாரி மீண்டும் எழ வழி வேண்டாமா என்றது ஒரு பக்கம். உழவர்கள் நிறைந்த நாட்டுக்கு இது எதற்கு, நிலமல்லவா பறிபோகும் என்று ஜெபர்சன் போன்றவர்கள் பயந்தார்கள். பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு ஓட்டில்தான் நிறைவேறியது.

ஆனால் அது வணிகர், வங்கியாளர், தரகர் போன்றவர்களுக்கு மட்டும். கடனும் ஆயிரம் டாலராவது இருக்க வேண்டும். ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கடன் வைத்த மோரிஸ் 1801-ல் வெளியே வந்தார். சில்லறைக் கடன் வாங்கிய உழவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. மக்கள் கொதித்தது நியாயம் என்றே நினைக்கிறேன். அதற்காக, எல்லோருக்கும் கதவைத் திறக்காமல், 1803-ல் சட்டத்தையே எடுத்துவிட்டார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. அந்தச் சட்டத்தில் கடன் கொடுத்தவர்தான் மனு போட முடியும். கடன்பட்டவனே போய்க் கேட்கலாம் என்று கூட்டரசுச் சட்டம் சொன்னது 1841-ல்தான். அதுவும் இரண்டே வருஷம் நின்றது. நீ கையெழுத்துப் போடக் கூசுகிற திவால் மனு அந்த வழியில் வந்ததுதான், கண்ணா.

வியாழக்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறாய் அல்லவா? கடன்களை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போ. போன வருஷம் நான் கொடுத்த பணத்தையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா