சுவிட்ச் என்ற உவமை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருவில் மூளை உருவாகும் விதம் குறித்துத் தங்கள் இதழில் சென்ற மாதம் வந்த கட்டுரையைப் படித்தேன். மரபணுக்களின் இயக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் புரதங்களான, பாடநூல் ஒரு பத்தியில் கடந்துபோகும் படியெடுத்தல் காரணிகளுக்கு ஒரு பொது இதழ் நான்கு பக்கம் ஒதுக்கியது, மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. ஆயினும், கட்டுரை நெடுகிலும் அப்புரதங்களை ‘மரபணு சுவிட்ச்’ என்றே குறிப்பிட்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதைப் படித்த எதிர்வீட்டு அம்மா ஒருவர், இன்னும் பேச்சு திருந்தாத தம் மூன்று வயதுப் பேரனைக் காட்டி, “எந்த சுவிட்சைப் போடாமல் விட்டிருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்துவிடலாமா சார்?” என்று கேட்டதே இக்கடிதத்துக்குக் காரணம்.

போட்டால் எரியும், அணைத்தால் அணையும் என்பது சுவிட்சின் இயல்பு. மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணி அப்படி உருவாவதில்லை. அங்கே நரம்பணுக்களை ஈனும் முன்னோடிச் செல்லில் பாக்ஸ்6 என்ற காரணி இருக்கும். அது இடைநிலைச் செல்லாக மாறுகையில் டி.பி.ஆர்.2 தலைதூக்கும், பிரிவதை நிறுத்தி நரம்பணுவானதும் டி.பி.ஆர்.1 பொறுப்பேற்கும். அதன் பின்னரும் அந்த நரம்பணு தன் நீண்ட இழையைத் தண்டுவடத்துக்கு அனுப்புவதா, மூளையின் மறுபாதிக்கு அனுப்புவதா என்பது முடிவாக வேண்டும். மறுபாதிக்கு அனுப்பும் செல்களில் சாட்பி2 இருக்கிறது. சுண்டெலிகளில் அதை நீக்கியபோது, அச்செல்கள் செயலற்றுப் போய்விடவில்லை. சிடிப்2 என்ற வேறொரு காரணியை வெளிப்படுத்தி, இழைகளைக் கீழ்நோக்கி அனுப்பத் தொடங்கின. சுவிட்சை எடுத்துவிட்டால் விளக்கு அணைய வேண்டுமே தவிர, அடுத்த அறை விளக்கு எரியக் கூடாது அல்லவா?

அளவும் முக்கியம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இரண்டு பாக்ஸ்6 பிரதிகளில் ஒன்று பழுதானாலே மனிதக் கண்ணில் ஐரிஸ் படலம் சரிவர உருவாவதில்லை. சுண்டெலியில் இரண்டும் பழுதானால் கண்களே இராது. புறணியும் கோணலாகி, பிறந்த சில மணி நேரத்தில் குட்டி இறந்துவிடும். மெக்பி2 என்ற புரதம் குறைந்தால், பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு, ரெட் குறைபாடு என்ற மூளை வளர்ச்சிக் கோளாறு வருகிறது. அம்மரபணு இரட்டித்து மிகுந்தாலும் ஆண் குழந்தைகளின் மூளை கடுமையாகப் பாதிக்கப்படுகிறது. (மெக்பி2 டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற வேதிக்குறி விழுந்த இடங்களைப் பற்றிக்கொண்டு படியெடுத்தலை ஒழுங்குபடுத்தும் புரதம்; கறாராகப் பார்த்தால் அது படியெடுத்தல் காரணி அல்ல, வேறு வகை என்பாரும் உண்டு.)

கட்டுரையாளர் பிறப்போடு கதையை முடித்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. நரம்பணு முதிர்வது மனிதரில் பிறந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. முதிர்ந்த பின்னும் காரணிகளுக்கு ஓய்வில்லை. வளர்ந்த சுண்டெலியின் டோபமின் என்ற வேதித் தூதுப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களிலிருந்து நர்1 என்ற காரணியை நீக்கினால், அவை டோபமின் தயாரிக்கும் தன்மையையே சிறிது சிறிதாக இழக்கின்றன. கச்சேரி முடியும்வரை தம்புரா ஒலித்தாக வேண்டும் என்பதைப் போன்றது இது. இன்னொரு பக்கம், நோய்க்குறிகள் தோன்றிவிட்ட வளர்ந்த சுண்டெலிகளில் மெக்பி2 மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தபோது அக்குறிகள் பெருமளவு மறைந்ததை மரபியல் ஆய்வாளர் ஏட்ரியன் பேர்டின் குழுவினர் 2007இல் காட்டினர். சுண்டெலியில் கண்டது குழந்தைக்கு அப்படியே பொருந்திவிடாது என்றாலும், கருவிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை அது அசைத்தது.

படங்கள் யாவும் வெளிநாட்டவையாக இருந்ததும் உறுத்தியது. நம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவின் மூளையை 5,132 மென்சீவல்களாகப் படம்பிடித்து ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் எல்லாரும் பார்க்க வெளியிட்டிருக்கிறதே! அடுத்த பகுதி வருமானால் அதிலிருந்து ஒரு படத்தையாவது சேர்க்க வேண்டுகிறேன்.

எதிர்வீட்டு அம்மாவிடம் மரபணுச் சோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிக் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதியுங்கள் என்றேன். அடுத்த வாரம் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33.