புதிய நிலையத்துக்கு முன் பழைய குழாய்களைப் பாருங்கள்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவைக் கூட்டவும், வெளியேற்றுக் குழாயைக் கடலுக்குள் இன்னும் நீட்டவும் ஆலோசித்து வருகிறீர்கள். இரண்டையும் நான் எதிர்க்கவில்லை. ஆனால் தெருவுக்கு அடியில் கிடக்கும் குழாய்களைச் சோதிக்காமல் இவற்றில் இறங்கினால், கடல்நீரைச் சுத்திகரித்துக் கடலிலேயே விடுவதற்கு நாம் வரி கட்ட வேண்டியிருக்கும்.

அதிகாலை இரண்டு மணிக்கு யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை. மழையில்லாத நாளில், அந்த நேரத்திலும் ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போதெல்லாம் நீரேற்று நிலைய மோட்டார்கள் ஓய்வின்றி ஓடுகின்றன என்றால், உள்ளே வருவது வீட்டுக் கழிவுநீர் மட்டுமல்ல. குழாய் இணைப்புகளிலும் ஆள்நுழைவுக் குழிகளின் சுவர்களிலும் உள்ள விரிசல் வழியே உப்புநீர் புகுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்குழு வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு, அதாவது உப்பின் முக்கியக் கூறு, இருக்கிறது. 20 லிட்டரில் ஒரு லிட்டர் கடல்நீர் என்றாலே லிட்டருக்கு ஏறத்தாழ 950 மில்லிகிராம் கூடிவிடும். உப்பு கூடினால் நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும். கையடக்க மின்கடத்துத்திறன் மானியை உயரோதத்தில் ஒருமுறை, தாழோதத்தில் ஒருமுறை என ஒவ்வொரு குழியிலும் இறக்கிப் பார்த்தால் எந்தத் தெரு ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். ஆளை இறக்க வேண்டாம், மானியை இறக்கினால் போதும்.

உப்பு வந்தால் என்ன என்று கேட்கலாம். சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டல் தொட்டியில் கழிவைத் தின்று வேலை செய்வது இயந்திரமல்ல, நுண்ணுயிர்கள். நிலையான உப்புக்கு அவை மெல்லப் பழகிக்கொள்ளும். ஓதத்துக்கு ஓதம் ஏறி இறங்கும் உப்பைத்தான் தாங்க முடியாது. நுண்ணுயிர்த் திரள்கள் சிதறும், கசடு படியாமல் தெளிநீரோடு வெளியேறும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. அவற்றை இழந்தால் மீட்க வாரக்கணக்கில் ஆகும். இத்தனைக்கும் நடுவே, தரம் கெட்டால் பழி விழுவது என்னவோ நிலையத்தை இயக்கும் ஊழியர் மீதுதான்.

கடல்நீர் சல்பேட்டையும் கொண்டுவருகிறது. காற்றில்லாத குழாய்க்குள் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அந்த வாயு குழாயின் மேற்கூரையில் கந்தக அமிலமாகி கான்கிரீட்டை அரிக்கிறது; விரிசல் பெருகுகிறது, இன்னும் கடல்நீர் வருகிறது. குழிக்குள் இறங்குபவரைக் கொல்வதும் இதே வாயுதான். செறிவு கூடினால் மூக்கு அந்த வாடையை உணர்வதையே நிறுத்திவிடும்.

குழாயை நீட்டுவது பற்றி ஒரு வார்த்தை. நீரோட்டம் எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை பழையது. கனடாவின் விக்டோரியா நகரப் பகுதி 2020 வரை வெறும் சல்லடையில் வடித்த கழிவுநீரைத்தான் கடலில் விட்டுவந்தது. கடைசியில் சுத்திகரிப்பு நிலையம் கட்டியாக வேண்டியிருந்தது. வெளியேறும் கழிவுநீர் உப்புக் குறைந்தது, அதனால் கடல்நீரைவிட இலேசானது, மேலே மிதந்து வரும். கரையை நோக்கி காற்று வீசும் நாளில் எங்கே வந்து சேரும் என்று சொல்லத் தேவையில்லை. மட்டிகளும் சிப்பிகளும் நீரை வடிகட்டி உண்பவை. வைரஸ்கள் அவற்றின் உடலில் சேர்ந்துகொள்ளும்.

அடைத்த விரிசலுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது, கல்வெட்டும் வைக்க முடியாது. அது உங்களுக்குச் சங்கடம்தான், புரிகிறது.

எனவே, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோத நாள்கள் உட்பட ஒரு முழு மாதத்துக்கு எல்லா நீரேற்று நிலையங்களிலும் நீர்வரத்தையும் மின்கடத்துத்திறனையும் மணிக்கு மணி பதிவு செய்ய உத்தரவிடுங்கள். குளிக்கும் கடற்பகுதியில் மலக்கலப்பைக் காட்டும் என்டரோகாக்கை பாக்டீரியாச் சோதனையும் நடக்கட்டும், வழக்கமாகத் தேடும் ஈ.கோலை பாக்டீரியாவைவிட அது உப்புநீரில் அதிக நாள் தாங்கும். இந்தப் பதிவுகளை அடுத்த மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் முன் வையுங்கள். அதுவரை ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டாம்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் குடியிருப்பாளர் ஒருவர்