நூறு வருஷக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் மின்சாரம் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி. "நம் நாட்டில் நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் வரும்; இப்போதே பதற வேண்டியதில்லை." கடையைத் திறந்து, டீ வாங்கி வைத்துக்கொண்டு படித்தேன். டீ ஆறிப்போனது. அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. 22 வருஷமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்க வயலில். அப்பா சாம்பியன் ரீஃபில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் அது. சின்ன வயதில் நான் கேட்டு வளர்ந்த பேச்சும் உங்கள் கட்டுரையில் இருக்கிற பேச்சுதான். கீழே நிறைய இருக்கிறது, நம் பேரன் காலத்துக்கும் வரும், பதற வேண்டாம். அதை நம்பித்தான் ஆண்டர்சன்பேட்டையில் கடன் வாங்கி மோட்டார் காயில் கட்டும் கடை போட்டேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். எனக்கு அப்போது 29 வயது.

அடுத்த ஆறு மாதத்தில் என் கடையில் பழுது பார்க்கக் கொடுத்த 11 டேபிள் ஃபேன்கள் திரும்ப வாங்க ஆளில்லாமல் நின்றன. எல்லாவற்றுக்கும் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்து, பெயர் எழுதிய சீட்டு கட்டி வைத்திருந்தேன். கொடுத்தவர்கள் ஊரிலேயே இல்லை. சிலர் பெங்களூர், சிலர் ஓசூர், சிலர் எங்கே என்றே தெரியாது. பாக்கி நோட்டில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் நோட்டையே மூடிவிட்டேன். அப்புறம்தான் மனைவியின் ஊரான வடலூருக்கு வந்து சேர்ந்தேன். தங்க வயலிலேயே தங்கிவிட்ட என் கூட்டாளிகள் இன்றைக்கும் விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள்.

இதில் தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சுரங்கத்தை மூடிய அன்றைக்கும் கீழே தங்கம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, காற்றை உள்ளே அனுப்பி, தண்ணீரை வெளியே இறைத்து, ஒரு டன் கல்லை உடைத்தால் சில கிராம்தான் கிடைக்கும் என்ற நிலை வந்ததும் கணக்கு உதைத்துவிட்டது. எடுக்கிற செலவு விற்கிற விலையைத் தாண்டிய நாளில் சுரங்கம் தீர்ந்தது. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் இது இன்னும் மோசம். ஒரு யூனிட் மின்சாரத்துக்காக ஒரு யூனிட் மின்சாரத்தையே செலவழித்துத் தோண்டினால் அதில் என்ன மிஞ்சும்? இது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை விட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

சரி, நூறு வருஷம் என்றே வைத்துக்கொள்வோம். இன்று எடுக்கிற அளவே என்றைக்கும் எடுத்தால்தான் அது நூறு. 1970-களின் தொடக்கத்தில் இந்தியா வருஷத்துக்குச் சுமார் 7 கோடி டன் நிலக்கரி எடுத்தது. 2024-25-ல் 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. எடுப்பது வருஷத்துக்கு 5 சதவீதம் கூடிக்கொண்டே போனால், அந்த நூறு வருஷச் சரக்கு 37 வருஷத்தில் காலி. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கூட்டு வட்டிக் கணக்குதான். கடன் வாங்கிக் கடை போட்டவனுக்கு அது நன்றாகவே தெரியும். இப்போது 10 வயதில் இருக்கும் என் பேத்திக்கு அன்றைக்கு 47 வயது.

அந்த இருப்பில் எதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. நாட்டின் பழுப்பு நிலக்கரியில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் நிறைய, மன்னார்குடி பக்கத்தில் நெல் விளைகிற மண்ணுக்குக் கீழே ஆழத்தில் கிடக்கிறது. 2020-ல் சட்டம் போட்டு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி பகுதிகள் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் வந்ததும் ஊரே கொதித்தது, பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அந்தப் போராட்டத்தை நீங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். எடுக்கக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதிய சரக்கை ஞாயிறு இதழில் கையிருப்பாக எண்ணலாமா?

நெய்வேலி எனக்குப் பக்கத்து ஊர். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு பழுப்பு நிலக்கரி கறுப்பாக வந்ததிலிருந்து தொடங்கிய கதை அது. 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது. அப்போது நீங்கள் பழைய படங்களோடு ஒரு பக்கம் போட்டீர்கள். நன்றாக இருந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். ஆனால் இந்த வட்டாரத்தில் டீக்கடை, ஒர்க்ஷாப், வாடகை வீடு என்று அதை நம்பி இருக்கிற ஜனங்களுக்கு அடுத்து என்ன என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மகன் இப்போது என்னிடம் காயில் கட்டக் கற்றுக்கொள்கிறான். கை நேர்த்தியான பையன். "அப்பா வேலை எனக்குக் கிடைக்குமா அண்ணே?" என்று கேட்கிறான். சோலார் பம்ப் மோட்டாரைக் கழற்றிக் காட்டி, இதையும் படித்துக்கொள் என்கிறேன். ஒரு மெக்கானிக் சொல்லக்கூடியது அவ்வளவுதான். மற்றதைச் சொல்ல வேண்டியவர்கள் பதற வேண்டாம் என்கிறார்கள்.

ஜெர்மனியில் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவது என்று 2007-லேயே முடிவெடுத்தார்கள். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. நடுவில் இருந்த 11 வருஷத்தில் வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு, இளையவர்களுக்கு வேறு வேலை என்று ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் பணக்கார நாடு, நமக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். தேதியை முன்கூட்டியே சொல்வதற்குப் பணம் வேண்டியதில்லை. எங்களுக்கு யாராவது 1990-லேயே ஒரு தேதி சொல்லியிருந்தால் நான் அந்தக் கடனை வாங்கியிருக்க மாட்டேன்.

2012-ல் பகலெல்லாம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போதும் தங்களுக்கு எழுதினேன். ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் நெய்வேலிப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்கு தெரியும்; என் கடையில் மெழுகுவத்தி. அந்தக் கடிதத்தைப் பாதியாக வெட்டிப் பிரசுரித்தீர்கள். இடப் பற்றாக்குறை என்று நினைத்து அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கேட்பது சின்ன விஷயம். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், இரண்டு வரி போதும். இனிமேல் நிலக்கரியோ எண்ணெயோ இத்தனை வருஷம் வரும் என்று எழுதும்போது, வருஷத்துக்கு எவ்வளவு எடுத்தால் அத்தனை வருஷம் என்பதையும், அதில் உண்மையில் எடுக்க முடிந்தது எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் என் கடைக் கதையை எடுத்துவிடுங்கள், வருத்தமில்லை. 37 வருஷக் கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள். 2012-ல் வெட்டிய பாதியில் இருந்ததும் இதே கணக்குதான்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
வடலூர்