நாலு தடவை கேஸ் ஏற்றினீர்கள், ஓட்டையை யார் பார்ப்பது?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

பொருள்: கசிவைப் பார்க்காமல் நான்கு முறை ஏசி கேஸ் ஏற்றிப் பணம் வாங்கியது குறித்து

ஐயா,

வணக்கம். ஏசி குளிரவில்லை என்று மார்ச்சிலிருந்து நான்கு முறை உங்கள் மதுரை சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். நான்கு முறையும் கேஸ் ஏற்றி பில் போட்டார்கள். முதல் முறை 17 நாள் குளிர்ந்தது, அடுத்தது 12 நாள், அதற்கடுத்தது 9 நாள். கால் சென்டரில் கொடுத்த ஆறு புகார் எண்களும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிக் கிடக்கின்றன. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

கார் ஏசி மூடிய சுற்று என்பதை அதைச் செய்து விற்கும் உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் சர்வீஸ் அட்வைசர் கவுண்டரில் பத்துப் பேர் முன்னால், "ஏசின்னா கேஸ் இறங்கத்தான் சார் செய்யும், பெட்ரோல் போடலையா, அது மாதிரிதான்" என்றார். ரப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குச் சில கிராம் கசியலாம். என் வண்டிக்கான முழு அளவான 430 கிராம் 17 நாளில் போகாது.

நான்கு ஜாப் கார்டையும் எடுத்துப் பாருங்கள். கசிவு பார்க்க நைட்ரஜன் ஏற்றிய குறிப்பு இல்லை. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் எவ்வளவு நேரம் போட்டார்கள், கேஜ் முள் ஏறுகிறதா என்று நிறுத்திப் பார்த்தார்களா, எதுவும் இல்லை. இத்தனைக்கும் வேக்கம் நின்றதாலேயே கசிவு இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வேக்கத்தில் அழுத்தம் வெளியிலிருந்து உள்ளே. சின்ன ஓட்டை, இணைப்புகளில் இருக்கும் பழைய ரப்பர் ஓ-ரிங் எல்லாம் அப்போது ஒட்டிக்கொள்ளும். 150 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு நைட்ரஜன் ஏற்றி சோப்புத் தண்ணீர் அடித்தால்தான் குமிழி காட்டிக்கொடுக்கும். ஒரு மணி நேர வேலை. அதுகூட வேண்டாம், முன் கிரில் வழியாக டார்ச் அடித்தாலே போதும். கேஸின் சூட்டை வெளியேற்றும் காண்டன்சரின் வலது கீழ் மூலையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பாகப் படிந்திருப்பது எனக்கே தெரிகிறது.

எண்ணெய் என்றதும் நினைவு வருகிறது. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும்தான் வெளியே போகிறது. நான்கு பில்லிலும் அந்த எண்ணெய், அதாவது பேக் ஆயில், ஒரு மில்லி கூட இல்லை!

நான்காவது பில்லில் ஆர்-134ஏ கேஸ் 600 கிராம் என்று இருக்கிறது. பானெட்டுக்குக் கீழே நீங்களே ஒட்டிய ஸ்டிக்கரில் 430. 'கொஞ்சம் சேர்த்துப் போட்டால் நாள் தாங்கும்' என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மிஞ்சிய கேஸ் திரவமாகக் காண்டன்சரை அடைத்து ஹை சைடு, அதாவது கம்ப்ரசர் தள்ளும் பக்கத்து அழுத்தத்தைத்தான் ஏற்றும். பைபாஸில் காற்று அடிக்கும்வரை குளிர்ந்தது. சிக்னலில் நின்றதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தி அனல் காற்று. அந்த கேஸும் கசிந்து இப்போது கம்ப்ரசர் கிளட்சே பிடிப்பதில்லை. ஒருவகையில் நல்லதுதான், எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் கம்ப்ரசர் இறுகி சீஸ் ஆகியிருக்கும்.

மறுபடி அந்த அட்வைசருக்கு வருகிறேன். வாரண்டியில் காண்டன்சர் மாற்றக் கேட்டபோது, வண்டி பக்கமே போகாமல், "கல்லடி பட்டிருக்கும், வாரண்டி வராது" என்றார். அதுவரை கசிவே இல்லை என்றவர் அவர்தான். கசிவே இல்லாத காண்டன்சரில் கல் எங்கே பட்டது? கேட்டதற்கு, "எல்லாம் தெரிஞ்சா நீங்களே பாத்துக்க வேண்டியதுதானே" என்று பதில். மூன்றாவது முறை நீங்கள் கொடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு விருதுநகரிலிருந்து ஏசி இல்லாமல் மே வெயிலில் வந்தால், ஏசி டெக்னீசியன் லீவு என்று திருப்பி அனுப்பியதும் இவரே. மறுநாள் மறுபடி வந்தேன். ஒவ்வொரு தடவையும் போக வர நூறு கிலோமீட்டர், கப்பலூர் டோல் வேறு.

பில்கள் மட்டும் 8,600 ரூபாய். பெட்ரோல், டோல், வீணான நாட்கள், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாது.

தயவுசெய்து என் கண் முன்னால் நைட்ரஜன் சோதனை செய்யுங்கள். கசிவு காண்டன்சரில்தான் என்றால் அதையும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் கழற்றிய இடத்து ஓ-ரிங்குகளையும் மாற்றி, உங்கள் மேனுவல் சொல்லும் அளவு எண்ணெய் விட்டு, அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு, தராசில் வைத்து 430 கிராம் ஏற்றுங்கள். கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக வேண்டாம். ஓட்டையை அடைக்கிறேன் என்று சீலன்ட் டப்பா எதையும் உள்ளே விடவும் வேண்டாம். நான்கு பில் பணமும் திரும்ப வர வேண்டும்.

15 நாளில் எழுத்துபூர்வமான பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். பிறகு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, எனக்கு அவசரமில்லை. அந்த அளவுக்குப் போகாமல் முடிப்பீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

பில், ஜாப் கார்டு நகல்களும், ஸ்டிக்கர், எண்ணெய்க் கறை படங்களும் இணைத்துள்ளேன். பத்து மணிக்கு மேல் அழைக்கலாம். அந்த அட்வைசர் மட்டும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
விருதுநகர்